மூன்று மணி நேரக் கிராமம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

அரசு மருத்துவமனைகளைப் பற்றித் தாங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நான் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் பாடத்திட்டத்தின்படி ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்துக் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரிப் பேருந்தில் சென்று இறங்குகிறோம், பி.பி. பார்க்கிறோம், எடை பார்க்கிறோம், கேள்வித்தாளை நிரப்புகிறோம், ஆசிரியர் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார், மதியச் சாப்பாட்டுக்கு விடுதிக்குத் திரும்பிவிடுகிறோம். லாக் புக்கின் மீதிப் பகுதியைப் பலர் பேருந்திலேயே ஊகித்து எழுதிவிடுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

சென்ற முறை எனக்கு ஒதுக்கப்பட்ட ஒரு வீட்டில் இருந்த பாட்டி, "போன தடவையும் இதையேதாம்மா கேட்டீங்க, எழுதிக்கிட்டுப் போனீங்க. எழுதினத என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நாங்கள் கற்றுக்கொள்வதற்காக அவர்கள் ஏன் தங்கள் காலை நேரத்தை இழக்க வேண்டும்? அந்த நேரத்தில் நான் வார்டில் நின்றிருந்தால் நான்கு நோயாளிகளையாவது பார்த்திருப்பேன் அல்லவா? இது இரு தரப்புக்கும் பயனற்ற ஒரு சடங்கு என்றே எனக்குப் படுகிறது. தாங்கள் சமுதாய மருத்துவத் துறையில் ஆசிரியராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள மாணவிக்கு,

அந்தப் பாட்டியின் கேள்வியை என்னிடமும் ஒருவர் கேட்டிருக்கிறார். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, குடும்பச் சர்வே எடுக்கப் போன ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் கேட்டார். "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று கூசாமல் சொன்னேன். அந்தப் படிவங்கள் துறை அலமாரியில் நான்கைந்து ஆண்டுகள் கிடந்து, பிறகு பழைய தாள்காரரிடம் எடைக்குப் போயின. பதில் இல்லை என்று நீங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றதே என்னைவிட நீங்கள் ஒரு படி மேலே இருப்பதைக் காட்டுகிறது.

சடங்காகிவிட்டது என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால், பயனற்றது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கே அது சடங்காகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. நோயை மட்டுமல்லாமல் நோயாளி வாழும் இடத்தையும் அறிந்த 'சமூக மருத்துவர்' வேண்டும் என்றும், அதற்கு மூன்று மாதப் பயிற்சி தேவை என்றும் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான குழு 1946இலேயே பரிந்துரைத்தது. 1977இல் வந்த மருத்துவக் கல்வி மறுசீரமைப்புத் திட்டம், ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஊராட்சி ஒன்றியங்களின் நலப்பணியில் பங்கேற்க வேண்டும் என்றது. அது பெரும்பாலும் வண்டிகளோடும் கோப்புகளோடும் நின்றுபோயிற்று. இப்போது நீங்கள் செய்வது தேசிய மருத்துவ ஆணையம் 2021–22 அணியிலிருந்து கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டம். அதன் கணக்கு முதலாண்டில் 27 மணி, இரண்டாம் ஆண்டில் 30 மணி, மூன்றாம் ஆண்டில் 21 மணி. ஒரு முறைக்கு மூன்று மணி நேரம் வீதம் ஆக மொத்தம் 78 மணி. கோளாறு இந்தக் கணக்கில் இருக்கிறது என்பது என் எண்ணம். காலை பத்து மணிக்கு வந்து ஒரு மணிக்குத் திரும்புபவருக்குத் தென்படுவது, வேலைக்குப் போக முடியாதவர்கள் மட்டும் வீட்டில் இருக்கும் ஓர் ஊர். உங்கள் பாட்டி எப்போதும் வீட்டில் இருப்பதற்கும், அவருடைய மருமகளை நீங்கள் அநேகமாக ஒருமுறையும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதற்கும் காரணம் அதுவே.

தத்து என்ற சொல்லும் எனக்கு உவப்பானதன்று. யாரைத் தத்தெடுக்கிறோமோ அவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

மகாராஷ்டிரத்தில் காந்தியின் ஆசிரமம் உள்ள சேவாகிராமில் வேறு வழி கண்டார்கள். காந்தி நூற்றாண்டான 1969இல் டாக்டர் சுசீலா நய்யார் அங்கே தொடங்கிய மருத்துவக் கல்லூரியில் சேரும் மாணவர்கள் முதலில் இரண்டு வாரங்கள் ஆசிரமத்தில் தங்க வேண்டும். பின்னர் அந்த ஆண்டு அணி முழுவதும் ஒரு கிராமத்தில் சென்று தங்கி, ஆளுக்குச் சில குடும்பங்களை ஏற்றுக்கொண்டு, அடுத்த ஆண்டுகளிலும் அதே குடும்பங்களுக்குப் போய்வர வேண்டும். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யிலும் முதலாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி வீடு வீடாகச் செல்லும் வழக்கம் உண்டு. மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் ஆரோலே தம்பதியர் 1970இல் தொடங்கிய பணியில், எழுத்தறியாத கிராமத்துப் பெண்கள் நலப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றனர். பின்னாளில் அங்கே வந்த மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர்களில் அந்தப் பெண்களும் உண்டு. ஆணைய விதியின் எழுத்து இத்தகைய இடங்களிலிருந்து வந்திருக்கிறது. இரவு தங்குவது மட்டும் வழியில் எங்கோ விடுபட்டுவிட்டது.

இரவு தங்குவதை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத்தில், வடமாவட்டக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் பதினைந்து மாணவர்களுடன் பத்து நாட்கள் தங்கினேன். ஆரம்ப சுகாதார நிலையத்தின் சர்க்கரை நோயாளிப் பட்டியலில் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரின் பெயருக்கு எதிரே 'டிஃபால்டர்' என்று எழுதியிருந்தது. மாத்திரை வாங்குவார், சாப்பிட மாட்டார் என்று அதற்குப் பொருள். என் மாணவிகளில் ஒருத்தி அந்த வீட்டுக்கு மூன்று நாட்கள் போய், மாத்திரையின் அவசியத்தைப் படம் வரைந்து விளக்கினாள். அந்த அம்மாளும் தலையாட்டினார். நான்காம் நாள் காலையில் வேறு வேலை எதுவும் இல்லாததால், அவருடனேயே ஏரியில் நடந்த நூறு நாள் வேலைக்கு நடந்துபோனாள்.

நடந்தது இதுதான். 'காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்' என்று சொல்லியிருந்ததால், மாணவியின் பேச்சுக்கு மதிப்பளித்து அந்த அம்மாள் அன்று ஆறு மணிக்கே, இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஆனால் அவருடைய காலைச் சாப்பாடு என்பது தூக்குவாளியில் எடுத்துப்போன பழைய சோறு. அதை அவர் ஏரியில் பதினொரு மணிக்குத்தான் திறப்பார். எட்டரை மணிக்கு மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கண் இருட்டியது. உடன் வேலை செய்த பெண்கள் பதறவில்லை. "மாத்தர போட்டா இவளுக்கு இப்படித்தான் வரும்" என்று சொல்லிக்கொண்டே டீக்காரரிடமிருந்து சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது. இரத்தச் சர்க்கரை தாழும்போது என்ன செய்ய வேண்டும் என்பது அந்த ஏரிக்கரைக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பட்டியலுக்குத் தெரியவில்லை. மாத்திரையை நிறுத்தியதன் மூலம் அந்த அம்மாள் தம் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதற்கு நாம் வைத்த பெயர் டிஃபால்டர்.

மறுநாள் அந்த மாணவியே ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் போய்ச் சொன்னாள். முதல் கவளத்தோடு சேர்த்துப் போடுமாறு அவர் நேரத்தை மாற்றிக் கொடுத்தார், அளவையும் குறைத்தார். நீங்கள் கேட்கும் அந்த வார்டில் நின்றிருந்தால் இதை அவள் கற்றிருப்பாளா? வார்டில் எல்லா நோயாளிக்கும் ஒரே நேரத்தில் சாப்பாட்டு வண்டி வந்துவிடுகிறது.

இரவுகளும் அப்படித்தான். அந்த ஊரில் பம்புசெட்டுக்கான மும்முனை மின்சாரம் பாதிக்கு மேல் இரவில்தான் வந்தது. மடை திருப்புவதற்காகச் செருப்பில்லாமல் வரப்பில் நடப்பவர்களை மாணவர்கள் பார்த்தார்கள். புழுக்கம் தாளாமல் வாசலில் பாய் விரித்துப் படுப்பவர்களுடன் அவர்களும் படுத்தார்கள். கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குபவரைக் கடிக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இராது, விடியும்போது வயிற்று வலியும் சொருகும் இமைகளுமாகத் தெரியவரும் என்று பாடநூலில் படித்திருந்தார்கள். ஒரு கட்டிலும் கொசுவலையும் அதற்கு எவ்வளவு பெரிய தடுப்பு, அவற்றை வாங்க முடியாத வீடுகள் அந்தத் தெருவில் எத்தனை என்பதை அந்தப் பாயில் படுத்தபோது எண்ணினார்கள்.

எல்லாவற்றிலும் நாங்கள் சரியாக நடந்துகொண்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தாம் நாள் ஒரு முகாம் நடத்தினோம். நிழலும் மின்விசிறியும் இருக்கிறதே என்று ஊர்த் தலைவர் சொன்ன கோவில் மண்டபத்தையே இடமாக ஒப்புக்கொண்டேன். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், மகிழ்ச்சியாக இருந்தது. மாலையில் கிராம சுகாதாரச் செவிலியர் என்னைத் தனியே அழைத்து, "சார், காலனியிலேர்ந்து ஒருத்தர்கூட வரல, கவனிச்சீங்களா?" என்று கேட்டார். கவனிக்கவில்லை. அந்த மண்டபத்தின் படியை அவர்கள் மிதிப்பதில்லை என்பது அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்திருந்தது. இருபது ஆண்டுகளாகச் சமுதாய மருத்துவம் கற்பித்த எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலனி அங்கன்வாடியில் இன்னொரு முகாம் வைத்தோம். ஆனால் முதலில் யாருக்கு, பிறகு யாருக்கு என்பது அதற்குள் ஊருக்குச் சொல்லப்பட்டுவிட்டது. என் ஆசிரியப் பணியில் நான் திரும்பச் சென்று மாற்ற விரும்பும் நாட்களில் அதுவும் ஒன்று.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன்: அவர்களுக்கு இதனால் என்ன? நேர்மையாகச் சொன்னால், இரண்டாம் ஆண்டு மாணவியான உங்களால் அவர்களுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. நீங்கள் மருந்து எழுதிக் கொடுக்க முடியாது, எழுதவும் கூடாது. கற்றுக்கொள்ளப் போவதை 'சேவை' என்று கல்லூரிகள் பெயரிட்டுச் சொல்லும்போதுதான் பொய் தொடங்குகிறது. "நாங்கள் படிக்க வந்திருக்கிறோம், உங்களிடம் தெரிந்துகொள்ள வந்திருக்கிறோம், விருப்பமில்லையென்றால் சொல்லிவிடுங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால், அந்த வீட்டார் கதவைத் திறப்பதா வேண்டாமா என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். பெரும்பாலும் திறப்பார்கள். படிக்கிற பிள்ளை என்றால் நம் ஊர்களில் ஒரு வாய் தண்ணீராவது கொடுத்து உட்காரச் சொல்வார்கள்.

ஆனால் குறைவு என்பது ஒன்றுமில்லை என்றாகாது. எடுத்த அளவை அவர்களிடமே கொடுத்துவிட்டு வர உங்களால் முடியும். இதுவரை சென்றபோதெல்லாம் அந்தப் பாட்டிக்கு நீங்கள் பார்த்த பி.பி. அளவுகள் உங்கள் லாக் புக்கில் இருக்கின்றன, அவரிடம் இருக்கின்றனவா? தேதி போட்டு, பெரிய எழுத்தில், ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அளவு கூடுதலாக இருந்தால் அவர் 'மக்களைத் தேடி மருத்துவம்' பட்டியலில் இருக்கிறாரா என்று செவிலியரிடம் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தின்படி இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வர வேண்டும். வரவில்லையென்றால் யாரைக் கேட்பது என்பதைக் கண்டறிந்து அவருக்குச் சொல்வது உங்களால் இயலும் வேலை.

இன்னொன்றும் சொல்வேன், இது உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. உங்களுக்கு ஒதுக்கப்பட்ட வீடுகளில் யாராவது அரசு மருத்துவமனைக்குப் போகவிருக்கும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆசிரியரிடம் அனுமதி பெற்று, முதல் நாள் மாலையே அந்த ஊருக்குப் போய்விடுங்கள். மறுநாள் அவர் ஏறும் பேருந்தில் ஏறுங்கள். ஓ.பி. சீட்டு வரிசையில் அவருக்குப் பின்னால் நில்லுங்கள். வெள்ளைக் கோட்டைப் பைக்குள் வைத்துவிடுங்கள். மருத்துவர் அவரிடம் எத்தனை நிமிடம் பேசினார், எந்தச் சொல் அவருக்குப் புரியவில்லை, பரிசோதனைக்கு நாளை வரச் சொன்னபோது அவர் முகம் எப்படி மாறியது, ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் சேர்ந்து அந்தச் சீட்டு அவருக்கு என்ன விலையானது என்பதையெல்லாம் எழுதி வாருங்கள். நான் பணியில் இருந்த கடைசி ஐந்தாண்டுகளில் இதை என் மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியிருந்தேன். லாக் புக்கில் இதற்குக் கட்டம் இல்லாததால் தனி நோட்டில் எழுதச் சொன்னேன். 'நாளைக்கு வாங்க' என்று ஒரு நோயாளியிடம் எளிதாகச் சொல்லிவிட இப்போது தன்னால் முடிவதில்லை என்று அவர்களில் ஒருவர் மருத்துவரான பின் எனக்கு எழுதினார்.

பேருந்தில் லாக் புக்கை ஊகித்து எழுதுவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள், மதிப்பெண் குறைந்தாலும் சரி. ஊகித்து எழுதிய பி.பி.யை வைத்து நாளை வேறொரு மாணவர் ஆய்வுக் கட்டுரை எழுதிவிடக்கூடும்.

அடுத்த முறை போகும்போது பாட்டியிடம், எழுதியதை இதுவரை ஒன்றும் செய்யவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டு, அந்தத் தாளைக் கொடுங்கள். மருமகள் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்றும் கேட்டு வையுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.