தேடினால் கிடைக்கும்: வாசகர் கேள்வி–பதில்

வணிகம், உடல்நலம் இரண்டுக்கும் இணையத் தரவுத்தளங்களில் தகவல் தேடுவது பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களுக்கு, கோவையில் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வுபெற்ற நம் பத்தியாளர் பதில் தருகிறார்.

ஈரோட்டில் மஞ்சள் அரைவை ஆலை நடத்துகிறோம். ஓர் ஏற்றுமதியாளர் மூலமாக எங்கள் பொடி கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போகிறது. இனி நேரடியாக அனுப்பலாம் என்று ஆசை. வெளிநாட்டில் யார் வாங்குகிறார்கள், எவ்வளவு வாங்குகிறார்கள் என்ற விவரமெல்லாம் இருக்கிற டேட்டாபேஸ் என்று ஒரு நிறுவனம் ஏழு நாள் ட்ரையல் தருகிறது. ஆண்டுச் சந்தா லட்சத்தைத் தாண்டுகிறது. வாங்கலாமா மேடம்?

ட்ரையல் இன்னும் தொடங்கவில்லை என்றால், இன்றே லாகின் செய்துவிடாதீர்கள். முதலில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்விகளாகச் சிலவற்றை எழுதுங்கள். நூலகத்தில் எந்தத் தரவுத்தளம் ட்ரையலுக்கு வந்தாலும் நான் இப்படித்தான் தொடங்குவேன். தெரியாததைத் தேடினால், வருகிற விடை சரியா தவறா என்று சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது. திரை நிறைய எண்கள் வந்தாலே மனம் மயங்கிவிடும்.

உங்களுக்கு விடை தெரிந்த கேள்வி கையிலேயே இருக்கிறது. உங்கள் பொடி எந்த மாதம், எந்தத் துறைமுகத்துக்கு, யார் பெயருக்கு, எத்தனை டன் போனது என்று ஏற்றுமதியாளரிடம் கேட்டு வாங்குங்கள். அதைத் தேடிப் பாருங்கள். அமெரிக்காவுக்குக் கப்பலில் வரும் சரக்குகளின் மேனிஃபெஸ்ட், அதாவது சரக்குப் பட்டியல், விவரங்கள் சட்டப்படியே பொதுவில் கிடைப்பவை. இத்தகைய டேட்டாபேஸ்காரர்கள் அவற்றை வாங்கி அடுக்கித் தருகிறார்கள். அதனால் உங்கள் சரக்கு பெரும்பாலும் அதில் இருக்க வேண்டும். விமானத்தில் போனது அதில் வராது. பெயரை மறைக்கச் சொல்லி அமெரிக்கச் சுங்கத்துறையிடம் விண்ணப்பித்த நிறுவனங்களும் இருக்கும். உங்கள் சரக்கு அதில் காணவில்லை என்றால், டேட்டாபேஸ் விற்பவர் காரணத்தை உங்களுக்கு விளக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். “எல்லாமே இருக்கிறது சார்” என்று மட்டும் சொன்னால் விட்டுவிடுங்கள். ஒரே வாங்குநரின் பெயர் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் தனித்தனி நிறுவனமாக வருகிறதா என்பதையும் பாருங்கள். அப்படி வந்தால் அவர்கள் போடுகிற மொத்தக் கணக்கை நம்ப முடியாது.

இன்னொன்றையும் கண்டிப்பாகக் கேளுங்கள். இந்தியச் சுங்கத்துறையிடம் தனி ஏற்றுமதியாளர்கள் கொடுத்த சரக்கு விவரம் என்று எதையாவது காட்டினால், அது எங்கிருந்து வந்தது? சுங்கச் சட்டத்தில் 2022இல் சேர்த்த 135ஏஏ பிரிவின்படி, அப்படிக் கொடுத்த மதிப்பு, அளவு போன்ற விவரங்களைச் சட்ட அனுமதியில்லாமல் வெளியிட்டால் 6 மாதம் வரை சிறையோ 50,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். உங்கள் போட்டியாளரின் விலையை உங்களுக்கு விற்கிறவர், உங்கள் விலையை அவருக்கு விற்க மாட்டார் என்று என்ன நிச்சயம்?

பணம் கட்டும் முன் இலவசமாகக் கிடைப்பதைப் பார்த்து முடியுங்கள். சுங்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஹெச்.எஸ். கோடு என்று ஒரு வகைப்பாட்டு எண் உண்டு. மஞ்சளுக்கு அது 091030. உலகம் முழுவதும் இந்த ஆறு இலக்கம் பொது. நம் நாட்டில் எட்டு இலக்கமாக நீளும்: காய்ந்த மஞ்சள் 09103020, பொடி 09103030. ஜெனீவாவில் இருக்கும் இன்டர்நேஷனல் டிரேடு சென்டரின் ‘டிரேடு மேப்’ தளத்தில் பதிவு செய்துகொண்டு, ஆறு இலக்கத்தைப் போட்டால் எந்த நாடு எந்த நாட்டிடம் எவ்வளவு வாங்குகிறது என்று ஆண்டுவாரியாக வரும். எட்டு இலக்கத்துக்கு நம் வர்த்தக அமைச்சகத்தின் ஏற்றுமதி இறக்குமதி டேட்டா பேங்க் இருக்கிறது. கொச்சியில் இருக்கும் ஸ்பைசஸ் போர்டும் ஆண்டுக் கணக்கு வெளியிடுகிறது. எந்த நாட்டைக் குறிவைப்பது என்று முடிவு செய்ய இவை போதும். வாங்குகிற கம்பெனியின் பெயர்தான் இவற்றில் இருக்காது.

வாங்குவோர் பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. யாருடைய சரக்கு எதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டது என்ற பட்டியல். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மறுத்த சரக்குகளின் விவரத்தை நாடுவாரியாக, பொருள்வாரியாக யார் வேண்டுமானாலும் தேடலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ‘ராஸ்ஃப்’ என்ற எச்சரிக்கைத் தளம் உண்டு. சால்மொனெல்லா கிருமி, ஈயம், பூச்சிமருந்து எச்சம் என்று காரணம் போட்டிருப்பார்கள். ஓர் இரவு உட்கார்ந்து அதைப் படித்தால், உங்கள் ஆலையில் எந்தப் பரிசோதனையை முதலில் செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். சந்தா கட்டுவதா என்ற முடிவை அதற்கப்புறம் எடுங்கள். கட்டுவதானால், கடைசியாக எந்த மாதத் தரவு ஏறியிருக்கிறது, எக்செல்லில் இறக்கிக்கொள்ள விடுவார்களா, சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். சித்தப்பா, மஞ்சளில் இருக்கும் கர்க்குமின் என்ற சத்தின் மாத்திரை வாங்கிக் கொடுத்து, “மிளகுச் சத்தும் சேர்ந்தது, இருபது மடங்கு வேலை செய்யும், அமெரிக்க அரசாங்க வெப்சைட்டிலேயே போட்டிருக்கு” என்று பப்மெட் லிங்க் அனுப்பினார். நானும் தேடினேன், ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வருகின்றன. எதை நம்புவது? (திருநெல்வேலி வாசகி)

பப்மெட்டை நடத்துவது அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் என்பது உண்மை. 1997இலிருந்து எல்லாருக்கும் இலவசம். 3 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமான மருத்துவக் கட்டுரைகளின் குறிப்புகள் அதில் இருக்கின்றன. ஆனால் அது எந்தக் கட்டுரை எந்த இதழில் வந்தது என்று காட்டும் ஓர் அட்டவணை மட்டுமே. அதில் ஒரு கட்டுரை இருக்கிறது என்றால் அமெரிக்க அரசு அதற்குச் சான்று கொடுத்துவிட்டது என்று ஆகாது.

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: விடை தெரிந்ததைத் தேடிப் பாருங்கள். தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பயத்தைக் கிளப்பிய பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை லேன்செட் மருத்துவ இதழ் 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பப்மெட்டில் அது இன்றும் இருக்கிறது, திரும்பப் பெறப்பட்டது என்ற எச்சரிக்கையோடு. வேறு ஏதாவது உடல்நலத் தளமோ ஆப்போ உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டால் இதே கட்டுரையை அங்கே தேடுங்கள். எச்சரிக்கை இல்லாமல் காட்டினால் அந்த இடத்தில் மேற்கொண்டு தேட வேண்டாம்.

சித்தப்பா சொல்லும் ‘இருபது மடங்கு’ எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998இல் வெளியான ஆய்வு. 2 கிராம் கர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகில் இருக்கும் காரப்பொருள், சேர்த்துக் கொடுத்தபோது கர்க்குமின் உடம்பில் சேர்வது 2000 சதவீதம் கூடியது. நல்ல ஆய்வுதான். ஆனால் அவர்கள் அளந்தது ரத்தத்தில் கர்க்குமின் எவ்வளவு ஏறுகிறது என்பதை, எலிகளிலும் ஆரோக்கியமான சிலரிடமும். சர்க்கரை இறங்கியதா என்பது அவர்கள் கேள்வியே இல்லை. எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் இதைத்தான் பார்க்க வேண்டும்: யாரிடம் செய்தார்கள், எதை அளந்தார்கள்.

ஆயிரக்கணக்கில் வருவதைக் குறைக்க, இடப்பக்க வடிகட்டியில் ‘சிஸ்டமேட்டிக் ரிவ்யூ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டி எடைபோட்ட கட்டுரைகள் மட்டும் நிற்கும். இந்த வகையில் நான் மிகவும் மதிப்பது, காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு வெளியிடும் தொகுப்புகளை. எளிய மொழியில் எழுதிய அவற்றின் சுருக்கங்கள் இலவசம். பல சுருக்கங்கள் தமிழிலேயே இருக்கின்றன. நம் வேலூர் சி.எம்.சி.யில் காக்ரேனின் தெற்காசிய மையம் செயல்பட்டிருக்கிறது என்பதைப் பெருமையோடு சொல்கிறேன்.

அப்புறம், அதே மருத்துவ நூலகத்தின் ‘லிவர்டாக்ஸ்’ தளத்தில் மஞ்சளுக்கான பக்கத்தைச் சித்தப்பாவிடம் காட்டுங்கள். சமையல் மஞ்சளைப் பற்றி இங்கே பேச்சில்லை. உடம்பில் அதிகம் சேரும்படி செய்த மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். அப்பா அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார் என்பதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ காத்திருக்க வேண்டாம். டாக்டர் எழுதிய சர்க்கரை மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்த விடாதீர்கள்.

விழுப்புரத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி நான். கட்டுரையைத் திறந்தால் டாலரில் பணம் கேட்கிறது. என்ன செய்வது?

உங்களுடையது அரசுக் கல்லூரியோ அரசுப் பல்கலைக்கழகமோ என்றால் முதலில் நூலகரிடம் போங்கள். அரசுக் கல்வி நிறுவனங்களில் இருப்போர் ஆய்விதழ்களைப் படிக்க அரசே சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையமான இன்ஃப்ளிப்நெட் இதை ஒருங்கிணைக்கிறது. பணம் நம் வரியிலிருந்து போய்விட்டது, பயன்படுத்தாமல் விடுவது அநியாயம். தனியார் கல்லூரி என்றால், மருத்துவக் கட்டுரைகளுக்கு, முழுக் கட்டுரையை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரலில் முழு வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே ‘ஆல் வெர்ஷன்ஸ்’ என்பதை அழுத்தினால், ஆசிரியரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் போட்டுவைத்த பிரதி பல நேரம் அகப்படும். இல்லையென்றால் ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். தன் கட்டுரையைப் படிக்க ஒருவர் கேட்கிறார் என்றால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

இதையெல்லாம் ஏ.ஐ.யிடம் கேட்டால் போதாதா?

கேளுங்கள். அது சொல்லும் ஒவ்வொரு கட்டுரைக்கும் பப்மெட் எண்ணையும் கேட்டு, பப்மெட்டில் போட்டுச் சரிபாருங்கள். இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் சொல்வது அதற்கு வழக்கம்.

ஒரு மருத்துவமனையில் புதிய மருந்துக்கான ஆய்வில் அம்மாவைச் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். விசாரிப்பது எப்படி? (சேலம் வாசகர்)

சி.டி.ஆர்.ஐ. எண் கேளுங்கள். இது 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு. 2009 ஜூன் 15 முதல் நம் நாட்டில் இத்தகைய ஆய்வுகளை அதில் பதிவு செய்வது கட்டாயம். எண்ணை அந்தத் தளத்தில் போட்டால் ஆய்வுக்குப் பணம் தருவது யார், எந்தெந்த மருத்துவமனைகளில் நடக்கிறது, எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்ததா என்பதெல்லாம் வரும். முதல் நோயாளியைச் சேர்த்த தேதிக்கு முன்பே பதிவு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். எண் தரத் தயங்கினால் சேர்க்க வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்கு எடுத்துவந்து அம்மாவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவை யார் ஏற்பது என்ற பகுதியை இரண்டு முறை படியுங்கள். அதன் பிறகு அம்மா விரும்பினால் கையெழுத்துப் போடட்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.