விரும்பியா?

கேள்வி: எங்கள் தாத்தா கண் விழித்ததும் திருச்சி வானொலியைப் போட்டுவிடுவார். செல்போனில் ஆயிரம் பாட்டு இருந்தும் அவருக்கு அதுதான் வேண்டும். ஒருவர் இப்படி விரும்பி வானொலி நேயர் ஆவது எப்படி?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: 'விரும்பி' என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். தாத்தாவைக் கேட்டீர்களா? அவர் பையனாக இருந்தபோது ரேடியோவின் குமிழ் அவர் அப்பா கையில் இருந்திருக்கும். காலை ஏழே காலுக்குச் 'செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி' என்று குரல் வந்தால் வீட்டில் யாரும் தும்மக்கூட முடியாது. அடுத்து விவசாய நிகழ்ச்சி. சொந்தமாக ஒரு தொட்டிச்செடிகூட இல்லாதவனும் யூரியா போடும் பக்குவத்தைக் கேட்டாக வேண்டும். கேட்டதும் வீண் போகவில்லை. 1960களில் ஆடுதுறை 27 நெல்லைப் பற்றித் திருச்சி நிலையம் சொல்லிச் சொல்லியே தஞ்சை மாவட்டத்து வயல்களில் இறக்கியது. அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வந்தது. உங்கள் ஊர்ப் பக்கம்தான், வீட்டில் விசாரியுங்கள்.

விருப்பம் என்று ஒன்று இருந்தது, அதில் மண்ணைப் போட்டவர் பி.வி. கேஸ்கர். (மறுபடியும் கேஸ்கரா என்று உதவி ஆசிரியர் முனகுகிறார். முனகட்டும்.) 1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்தவர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியிலிருந்து அதைத் துரத்தினார். ஜனங்கள் வாய் திறக்கவில்லை, ரேடியோ முள்ளை மட்டும் இலங்கை வானொலிப் பக்கம் நகர்த்தினார்கள். அந்த வானொலியின் அறிவிப்பாளர்களில் இங்கே மயில்வாகனன், வடக்கே அமீன் சயானி என்றால் உயிர். ரேடியோ வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டியிருந்த காலம் அது. தபாலாபீசில் வரிசையில் நின்று டில்லிக்குப் பணம் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கொழும்பைக் கேட்டார்கள். வேறு எந்த அமைச்சரும் அண்டை நாட்டுக்கு இவ்வளவு நேயர்களை இனாமாகக் கொடுத்திருக்க மாட்டார். கடைசியில் 1957இல் அகில இந்திய வானொலியிலேயே விவித் பாரதி என்ற சேவை வந்து அதே சினிமாப் பாட்டைப் போட்டது. அப்போதும் அமைச்சர் கேஸ்கர்தான்!

சென்ற முறை நான் அவரைத் திட்டியதற்கு ஒரு சங்கீத ரசிகர் மூன்று பக்கம் மறுப்பு எழுதினார்: வானொலியில் நல்ல கச்சேரிகளுக்கு இடம் கொடுத்தவர் அல்லவா என்று. வாஸ்தவம்தான். கச்சேரியைப் போட்டதில் எனக்குச் சண்டையில்லை. பாட்டைப் பிடுங்கிக்கொண்டு கச்சேரியைக் கையில் திணித்ததில்தான் சண்டை.

சரி, தென்கச்சி கோ. சுவாமிநாதன். விவசாயம் படித்து, விவசாய நிகழ்ச்சி வழியாக வானொலிக்கு வந்த மனிதர். 'இன்று ஒரு தகவல்' நிகழ்ச்சியை ஏதோ பெரிய தத்துவத்தில் ஆரம்பிப்பார். குரலில் அவசரமே இருக்காது. முடிக்கும்போது ஒரு ஜோக்கில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். அந்த ஜோக்குக்காகச் சவரத்தைப் பாதியில் நிறுத்தி, கன்னத்தில் நுரை காய நின்றவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலர் ரேடியோவைப் போட்டது செய்திக்காக. அணைக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான். உங்கள் கேள்விக்குப் பதில் எங்காவது இருக்கிறது என்றால் இங்கேதான்.

நீங்களும் நேயராக வேண்டுமா? செல்போன் ஆப் உதவாது. பிடிக்காததைத் தள்ளிவிட விரல் துடிக்கும். பண்பலைக்காரர்கள் பக்கமும் போகாதீர்கள், பாட்டு முடியுமுன்பே 'செம்ம' என்று குறுக்கே விழுவார்கள். தாத்தாவின் பெட்டியைச் சமையலறைப் பரணில், கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஸ்டூலை அவர் ஒளித்து வைத்துக்கொள்ளட்டும்.