அமெரிக்கக் கல்லூரி நிதியுதவிக் கடிதம்: 60,000 டாலர் என்றால் உண்மையில் எவ்வளவு?

கேள்வி: மகளுக்குத் தனியார் கல்லூரி ஒன்று 60,000 டாலர் உதவி தருகிறது. மாநிலப் பல்கலைக்கழகம் தருவது 8,000தான். தனியாருக்கே போகலாமா?

உதவித் தொகையை விட்டுவிட்டு, கையிலிருந்து எவ்வளவு போகும் என்று பாருங்கள். அந்த 60,000 பெரும்பாலும் இப்படிப் பிரிந்திருக்கும்: மானியம் 38,000, மாணவர் கடன் 5,500, வொர்க்-ஸ்டடி 2,500, பேரன்ட் பிளஸ் 14,000. இதில் சும்மா கிடைப்பது மானியம் மட்டும்தான். பேரன்ட் பிளஸ் உங்கள் பெயரில் வாங்கும் கடன். அதை 'உதவி' என்று போடுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்! வொர்க்-ஸ்டடி, மகள் வேலை பார்த்தால் வரும் சம்பளம். செமஸ்டர் பில்லில் தானாகக் கழியாது.

தனியார் கல்லூரியில் ஆண்டுச் செலவு 82,000 என்றால், மானியம் போக 44,000 உங்கள் பாடு. மாநிலப் பல்கலைக்கழகத்தில் 34,000 செலவு, அந்த 8,000 முழுக்க மானியம் என்றால் 26,000. சில கடிதங்களில் விடுதி, சாப்பாடு, புத்தகச் செலவே இருக்காது, கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், மானியம் நான்கு வருடமும் வருமா, அதற்கு எவ்வளவு ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஃபாஃப்ஸாவில் (மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பம்) வரும் எஸ்.ஏ.ஐ. எண், நீங்கள் கட்ட வேண்டிய தொகை அல்ல. அது தேவையைக் கணக்கிடும் குறியீடு. ஃபாஃப்ஸாவுக்குப் பிறகு வேலை போயிருந்தால், நிதியுதவி அலுவலகத்துக்கு ஆதாரத்தோடு எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். எஃப்-1 விசாவில் வெளிநாட்டிலிருந்து படிக்க வரும் மாணவர்களுக்கு மத்திய அரசின் கடனும் மானியமும் கிடையாது.