எந்தச் சொல்லைத் தட்டவில்லை?

கேள்வி: கணவன் சொல்லைத் தட்டாமல் நடப்பதற்கு நபிகள் நாயகத்தின் முதல் மனைவி அன்னை கதீஜா (ரலி) அவர்கள்தான் முன்மாதிரி. படித்து வேலைக்குப் போகும் இன்றைய பெண்களுக்கு இதை நீங்கள் எடுத்துச் சொல்வதே இல்லையே, ஏன்?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: அன்னையவர்கள் எந்தச் சொல்லைத் தட்டவில்லை என்கிறீர்கள்? ஹிரா குகையில் வானவர் முதன்முறை இறைச்செய்தியோடு வந்தபின், அங்கிருந்து நபிகள் நாயகம் (ஸல்) நடுங்கியபடி வீடு வந்தபோது சொன்னது, ‘என்னைப் போர்த்துங்கள், போர்த்துங்கள்’ என்பதுதான். போர்த்திவிட்டார்கள். உங்கள் கணக்கு அதோடு முடிந்துவிடுகிறது. புகாரி தொகுத்த நபிமொழி நூலில் உள்ள ஹதீஸோ அதற்கு அப்புறம்தான் விஷயத்துக்கே வருகிறது.

நடுக்கம் தணிந்ததும் நடந்ததைச் சொன்ன நபியவர்கள், தமக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சுவதாகவும் சொன்னார்கள். ‘என்னை நம்பு’ என்று அங்கே கட்டளை எதுவும் இல்லை. ‘அல்லாஹ் உங்களை ஒருபோதும் இழிவுபடுத்த மாட்டான்’ என்று உறுதியாகச் சொன்னது மனைவி. ஏன் என்பதற்குக் காரணமும் அடுக்கினார்கள்: உறவைப் பேணுகிறீர்கள், பிறர் சுமையைத் தாங்குகிறீர்கள், இல்லாதவருக்கு உதவுகிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள். வாய்க்கு வந்த ஆறுதலா இது? சுமார் 15 ஆண்டுகள் கூட வாழ்ந்து பார்த்தவரின் சாட்சி. அதற்கும் முன்பே, தம் சரக்கை நபியவர்களிடம் ஒப்படைத்து ஷாமுக்கு (சிரியாவுக்கு) அனுப்பி, கூடப்போன பணியாள் மைஸராவிடம் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்ட வியாபாரி அவர்கள். திருமணப் பேச்சை எடுத்ததும் அன்னைதான். பெண் தன் விருப்பத்தைத் தானே சொல்வதா என்று முகம் சுளிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம்.

ஆறுதல் சொன்னதோடு விட்டுவிடவும் இல்லை. வேதங்களை அறிந்த தம் உறவினர் வரக்கா பின் நவ்ஃபலிடம் கணவரைக் கூட்டிப் போனார்கள். மூஸா நபியிடம் வந்த வானவரே இவரிடமும் வந்திருக்கிறார் என்று சொன்ன அந்த முதியவர், உம் மக்கள் உம்மை ஊரைவிட்டு வெளியேற்றுவார்கள் என்றும் சொன்னார். ஆக, இதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று அன்னைக்கு ஆரம்பத்திலேயே தெரியும். தெரிந்துதான் முதல் ஆளாக ஈமான் (இறைநம்பிக்கை) கொண்டார்கள்.

விலை வந்து சேர்ந்தது. புது மார்க்கத்தை எதிர்த்து மக்காவின் குறைஷியர் போட்ட ஊர்விலக்கம் நபியவர்களின் ஹாஷிம் குலத்தார், அவர்களுக்கு உறவான முத்தலிப் குலத்தார் மீதுதான். அன்னையோ அஸத் குலத்துப் பெண். பிறந்த வீட்டோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் விலக்கப்பட்டவர்கள் ஒதுங்கியிருந்த அபூதாலிப் கணவாயில் கணவரோடு பட்டினி கிடந்தார்கள். அண்ணன் மகன் ஹகீம் பின் ஹிஸாம் அத்தைக்குக் கோதுமை கொண்டுபோனபோது குறைஷித் தலைவர்களில் ஒருவனான அபூஜஹ்ல் வழிமறித்துத் தகராறு செய்தான். விலக்கம் மூன்று ஆண்டுகள்வரை நீடித்தது. அது நீங்கிச் சில காலத்தில், 619-ல், அன்னை மறைந்தார்கள்.

ஆண்டுகள் பல கழிந்து மதீனாவில் ஆடு அறுத்தால்கூட, கதீஜாவின் தோழிகளுக்கு ஒரு பங்கு போகும். பார்த்தேயிராத அந்தப் பெண்மணி மீது தாம் ரோஷப்பட்டதாக நபியவர்கள் பின்னாளில் மணந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பத்ருப் போரில் குறைஷியர் பக்கம் நின்று முஸ்லிம்களிடம் கைதான மருமகனை மீட்க மகள் ஜைனப் மக்காவிலிருந்து அனுப்பியதில் ஒரு கழுத்து மாலை இருந்தது. கல்யாணத்தன்று கதீஜா மகளுக்குப் போட்டு அனுப்பிய மாலை. பார்த்ததும் நபியவர்கள் கலங்கிவிட்டார்கள்.

இவ்வளவையும் சேர்த்துப் பெண்களுக்குச் சொல்லச் சொல்கிறீர்கள் என்றால், சரி, அடுத்த இதழிலேயே சொல்கிறோம். அந்த இதழை வீட்டில் ஒளித்து வைக்காதீர்கள்.