வாசகர் கேள்வி: டெலுரியம் முன்னால், அயோடின் பின்னால்

கேள்வி: எங்கள் வகுப்பறைச் சுவரில் தனிம வரிசை அட்டவணை தொங்குகிறது. மெண்டெலீவ் அணு நிறை ஏறும் வரிசையில் அடுக்கினார் என்று படித்தோம். ஆனால் டெலுரியத்துக்கு 127.6, அடுத்து வரும் அயோடினுக்கு 126.9 என்று போட்டிருக்கிறது. நிறை குறைந்தது எப்படிப் பின்னால் போனது? மெண்டெலீவ் கவனிக்கவில்லையா?
– பத்தாம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி

பதில்: இதே இரண்டு எண்களில் நானும் பள்ளியில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். எழுந்து கேட்டதற்கு, "அச்சுப்பிழையா இருக்கும், உட்காரு" என்று பதில் வந்தது. நோட்டில் பென்சிலால் இரண்டையும் இடம் மாற்றி எழுதிக்கொண்டேன். அது பிழையே இல்லை என்று தெரியக் கல்லூரி வரை ஆயிற்று. பிறகு நானே முப்பத்தோரு வருஷம் வேதியியல் நடத்தினேன். இந்தப் பாடம் வரும்போதெல்லாம் யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பேன். நீ கேட்டுவிட்டாய்.

மெண்டெலீவ் நன்றாகவே கவனித்தார். 1869-ல் வெளியான அவருடைய முதல் அட்டவணையில் அயோடினுக்கு எதிரே 127 என்று இருக்கிறது. டெலுரியத்துக்கு 128, அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. எண் இடிக்கிறது என்று தெரிந்தும், டெலுரியத்தை முன்னால்தான் வைத்தார்.

ஏன் என்றால், அவர் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கவில்லை, குணத்தையும் பார்த்தார். அயோடின் ஒரு சோடியத்தோடு ஒன்றுக்கு ஒன்று சேர்ந்து சோடியம் அயோடைடு ஆகும். குளோரினும் புரோமினும் செய்வது அதையேதான். டெலுரியமோ கந்தகம், செலினியம் மாதிரி இரண்டு சோடியத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் பென்சிலால் செய்ததைப் போல மாற்றி வைத்தால், அயோடின் செலினியத்துக்குக் கீழேயும் டெலுரியம் புரோமினுக்குக் கீழேயும் போய் உட்கார்ந்துவிடும். இரண்டும் குடும்பம் மாறிவிடும்.

சரி, அப்போது எண்ணை என்ன செய்வது? டெலுரியத்தின் நிறையைத் தப்பாக அளந்திருக்கிறார்கள் என்று அவர் முடிவுகட்டினார். 1871 அட்டவணையில் அதை 125 என்றே குறைத்துப் போட்டார். பிராகில் பிரௌனர் என்ற வேதியியலாளர் டெலுரியத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து பல ஆண்டுகள் அளந்து பார்த்தார். நிறை அயோடினுக்குக் கீழே இறங்கவே இல்லை. மெண்டெலீவ் 1907-ல் இறந்தபோதும் முடிச்சு அவிழவில்லை. அவர் வைத்த இடம் சரி, சொன்ன காரணம் தவறு. காலியம், ஸ்காண்டியம், ஜெர்மானியம் ஆகியவற்றை அவர் முன்கூட்டிச் சொன்ன கதை உன் புத்தகத்திலேயே இருக்கும். எனக்கு அதைவிட இந்த டெலுரியம் விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. கையிலிருந்த அளவு ஒன்றைச் சொல்ல, பொருளின் குணம் வேறொன்றைச் சொல்ல, அவர் குணத்தை நம்பினார்.

முடிச்சுக்கு வழி காட்டியவர் ஹென்றி மோஸ்லி என்ற இயற்பியலாளர். 1913-ல், இங்கிலாந்தின் மான்செஸ்டரில், 25 வயதில். ஒவ்வொரு தனிமத்தின் மீதும் எலக்ட்ரான்களை மோதவிட்டு, அதிலிருந்து வரும் எக்ஸ் கதிரைப் படம் எடுத்தார். குழாய்க்குள் வெற்றிடம் வேண்டும், தனிமத்தை மாற்ற ஒவ்வொரு முறையும் திறந்து மூட முடியாது. அதனால் உள்ளேயே ஒரு சின்ன அலுமினிய வண்டியில் மாதிரிகளை வரிசையாக ஏற்றி, மீன் பிடிக்கும் பட்டுக் கயிற்றால் முன்னும் பின்னும் இழுத்தார். கால்சியத்தில் தொடங்கித் துத்தநாகம் வரை எடுத்த படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், கோடுகள் படிக்கட்டு போல ஒரே சீராக இறங்குகின்றன. ஸ்காண்டியத்தை அவர் சோதிக்கவில்லை, அந்த இடத்தில் ஒரு படி காலியாகத் தெரிகிறது! கோபால்ட்டும் நிக்கலும் உன் ஜோடியைப் போலத்தான்: 58.93, 58.69. படிக்கட்டில் கோபால்ட் 27, நிக்கல் 28 என்று சரியாக வந்து நின்றன. வரிசையைத் தீர்மானிப்பது நிறை அல்ல, அணுக்கருவின் மின்னூட்டம். நாம் இன்று அணு எண் என்பது அதைத்தான். மோஸ்லி 1915 ஆகஸ்டில் கலிப்போலி போர்க்களத்தில் குண்டடிபட்டு இறந்தார். வயது 27.

டெலுரியத்துக்குப் புரோட்டான் 52, அயோடினுக்கு 53. அப்புறம் எப்படி டெலுரியம் கனம்? நியூட்ரான்கள்தான் காரணம். இயற்கையில் கிடைக்கும் டெலுரியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, நிறை எண் 128, 130 கொண்ட கனமான ஐசோடோப்புகள், அதாவது புரோட்டான் அதே 52, நியூட்ரான் மட்டும் கூடுதலாக உள்ள அணுக்கள். அயோடினில் 127 ஒன்றே ஒன்றுதான். சராசரி எடுத்தால் டெலுரியம் முந்திவிடுகிறது. சுவரில் ஆர்கானையும் பொட்டாசியத்தையும் பார், அங்கேயும் இப்படியே இருக்கும்.

கேள்வி: காலியத்துக்கெல்லாம் இடம் விட்ட மெண்டெலீவ், ஹீலியம், நியான் போன்ற மந்த வாயுக்களுக்கு ஏன் இடம் விடவில்லை?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: பல்வரிசையில் ஒரு பல் விழுந்தால் இடைவெளி தெரியும். ஒரு நெடுவரிசையே முழுதாக இல்லாதபோது எதை வைத்துச் சந்தேகப்படுவது? 1894-ல் ராலே, ராம்சே என்ற இரண்டு விஞ்ஞானிகள் காற்றிலிருந்து ஆர்கானைப் பிரித்துக் காட்டியபோது, மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கலாம் என்றுகூட மெண்டெலீவ் கருதினார். பிறகுதான் ஏற்றுக்கொண்டார்.

ஆனால் ஹீலியத்தின் தடயம் அவருடைய அட்டவணைக்கு முந்தைய வருஷமே கிடைத்துவிட்டது. அதில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் இருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் அதை ஆராய்ந்தார். கிரகணத்தின்போது சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோட்டை முதலில் சோடியத்தின் கோடு என்றே நினைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்யர் என்ற வானியலாளர் பார்த்தபோது, அது சோடியத்தோடு பொருந்தவில்லை. அதுதான் ஹீலியத்தின் கோடு. பூமியில் ஹீலியம் கையில் கிடைத்தது 1895-ல்தான், ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து எடுத்தார்.

அடுப்பில் உப்புத் தண்ணீர் பொங்கி வழிந்தால் தீ மஞ்சளாகுமே, அது சோடியம். அதன் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் இருக்கின்றன. ஹீலியத்தின் மஞ்சள் 587.6.