பழைய ஜீப்பின் கதையை இளவட்டங்களிடம் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் நாங்கள் சிலர் பழைய ஜீப் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காடு ஏறி இறங்குவது வழக்கம். எங்களில் ஐம்பது வயதுக்குக் கீழே ஆளே கிடையாது. எங்கள் பிள்ளைகளுக்கும் வண்டிப் பைத்தியம் உண்டு. ஆனால் பெரிய டயர், லைட் பார், ரீல்ஸ் என்பதோடு சரி. ஒரு கல்லூரியில் இரண்டாம் உலகப் போர் ஜீப்பைப் பற்றி ஸ்லைடு போட்டுப் பேசினோம். பாதியிலேயே அரங்கம் காலி. இவர்களுக்கு அந்த வரலாற்றில் ஆர்வம் வர என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ஸ்லைடு 1940-இல் தொடங்கி 1945-இல் முடிந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ஆண்டுகளை மனப்பாடம் செய்து அலுத்துப்போய் கல்லூரிக்கு வந்தவர்கள் முன்னால் மறுபடியும் ஆண்டுக் கணக்கை விரித்தால் எழுந்து போகத்தான் செய்வார்கள். கதையைத் திருப்பிப் போடுங்கள். அவர்களுக்குத் தெரிந்த வண்டி மஹிந்திரா தார். அங்கிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்கிப் போங்கள்.

2010-இல் வந்த முதல் தாருக்கு முன்னால் எம்எம் 540 இருந்தது. அதில் இருந்தது பிரெஞ்சுக் கம்பெனியான ப்யூஜோ வடிவமைத்த 2112 சிசி டீசல் இன்ஜின். அதற்கும் முன்னால் பெட்ரோல் ஜீப்பான சிஜே-3பி. அதற்கும் முன்னால், 1940-களின் கடைசியில் பாகம் பாகமாகக் கப்பலில் வந்து பம்பாய் மசகானில் பூட்டப்பட்ட, அமெரிக்க வில்லிஸ் கம்பெனியின் ஜீப். மஹிந்திரா கம்பெனி 1945-இல் தொடங்கும்போது அதன் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது; இரும்பு வியாபாரம். பங்காளியான மாலிக் குலாம் முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார், 1951-இல் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலே ஆனார். 1948-இல் கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. தார் வாங்கக் கடன் போட்டுக்கொண்டிருக்கும் பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவான். தேசப் பிரிவினை அவனுடைய வண்டியின் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது.

வாதாடப் பிடிக்கும் பிள்ளைகள் என்றால் ராக்ஸர் விவகாரத்தை எடுத்துப் போடுங்கள். 2018-இல் மஹிந்திரா அமெரிக்காவில் ராக்ஸர் என்ற வண்டியை விற்கத் தொடங்கியது. அப்போது ஜீப் என்ற பெயருக்குச் சொந்தக்காரராக இருந்த ஃபியட் கிரைஸ்லர், ‘எங்கள் ஜீப்பின் தோற்றத்தை எடுத்துக்கொண்டார்கள்’ என்று அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்துக்குப் போனது. 2020-இல் ஆணையம் ஃபியட் கிரைஸ்லர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தோற்றத்தை மாற்றிய பிறகுதான் வண்டிக்கு வழி கிடைத்தது. அறுபது எழுபது வருடம் உரிமத்தோடு இங்கே செய்த வண்டியின் முகம் யாருக்குச் சொந்தம்? இரண்டு அணியாகப் பிரித்துவிடுங்கள். வாதத்துக்கு ஆதாரம் தேடும்போது அவர்களே 1941-க்குப் போய்விடுவார்கள். அன்றைய வில்லிஸில் முன்பக்கம் பட்டைக் கம்பிகளைப் பற்றவைத்த கிரில். தகட்டில் ஒன்பது துளை வெட்டி அழுத்திச் செய்த கிரில் ஃபோர்டின் வேலை. போர் முடிந்து சிவிலியன் ஜீப் வந்தபோது ஹெட்லைட் பெரிதாகி, துளை ஏழானது.

பேச்சு இவ்வளவு போதும். மீதியை ஷெட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கையில் ஸ்பேனரோடு. பழைய வண்டியில் எல்லாமே ஏதோ ஒரு காரணத்துக்காக அப்படி இருக்கிறது. ‘ஏன் இப்படி?’ என்ற கேள்வியைப் பிள்ளைகள் கேட்கும்படி வண்டியைத் திறந்து வைப்பதுதான் உங்கள் வேலை.

ஒரே ஒரு நாள் செலவழிக்க முடியும் என்றால் பானெட்டில் செலவழியுங்கள். பழைய வில்லிஸையும் சிஜே-3பியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். பின்னதன் பானெட் எடுப்பாக உயர்ந்து நிற்கும், கிரில்லும் நெட்டையாக இருக்கும். ஏன் என்று கேளுங்கள். ‘ஸ்டைலுக்காக’ என்பார்கள். சும்மா இருங்கள். வில்லிஸின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி எடுத்துக் கையில் கொடுங்கள். திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அதில் வால்வு கிடையாது, வால்வைத் தள்ளும் ராக்கர் கிடையாது, ஒரு கனத்த சட்டி மூடி போலத்தான் இருக்கும். வால்வுகளெல்லாம் கீழே பிளாக்கில், பிஸ்டனுக்குப் பக்கத்தில், தலையை மேலே காட்டிக்கொண்டு நிற்கும். கோ-டெவில் என்று பெயர் வாங்கிய இன்ஜின் இதுதான், 2199 சிசி, 60 குதிரைத் திறன். காற்று உள்ளே வர வளைந்து நெளிந்து வந்தாக வேண்டும் என்பதால் இதில் இதற்கு மேல் திறன் எடுப்பது கஷ்டம். அதனால் அடுத்து வந்த ஹரிக்கேன் இன்ஜினில் உள்ளிழுக்கும் வால்வை மட்டும் மேலே ஹெட்டுக்கு ஏற்றினார்கள். புகைபோக்கும் வால்வு கீழேயே இருந்துவிட்டது. திறன் கூடியது, இன்ஜினும் உயரமாகிவிட்டது. பழைய பானெட் மூடவில்லை. வேறு வழியில்லாமல் பானெட்டை உயர்த்தினார்கள், 1953-இல் சிஜே-3பி பிறந்தது. அமெரிக்காவில் அழகில்லை என்று பலர் முகம் சுளித்த அந்த உருவம்தான் இந்தியாவில் ‘ஜீப்’ என்றாலே நினைவுக்கு வரும் உருவமாகிப் பல பத்தாண்டு ஓடியது. ஒரு வால்வு இடம் மாறிய கதை. இதைக் கையால் தொட்டுப் பார்த்தவன் மறக்க மாட்டான்.

ஓடும் வண்டியின் ஹெட்டைக் கழற்ற மனம் வராது, எனக்கும் வராது. பழைய இரும்புக் கடையில் வெடித்த பிளாக், உடைந்த ஹெட், துருவேறிய கார்புரேட்டர் கிடைத்தால் எடை போட்டு வாங்கிவந்து அதில் கழற்றி மாட்ட விடுங்கள்.

உங்களில் யாரிடமாவது போர்க்கால ஜீப் இருந்தால் அது இன்னும் நல்ல விளையாட்டு. இந்த வண்டியை வில்லிஸ், ஃபோர்டு இரண்டும் செய்தன. ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. ரேடியேட்டருக்கு முன்னால் கீழே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். சேசிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த ‘ப’ போல இருந்தால் ஃபோர்டு. அடுத்து, டீசலில் நனைத்த துணியும் கம்பி பிரஷ்ஷும் கொடுத்து ஆளுக்கொரு மூலையில் விடுங்கள். ஃபோர்டு தன் பாகங்களில், சில போல்ட்டின் தலையில்கூட, ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்தது. எண்பது வருட கிரீஸைச் சுரண்டி முதல் எழுத்தைக் கண்டுபிடிக்கிறவன் போடும் கூச்சலுக்கு எந்த ஸ்லைடும் ஈடாகாது. கடைசியில் சேசிஸ் ஃபோர்டு, இன்ஜின் வில்லிஸ், பாடி நம்மூர் டிங்கரிங் பட்டறை என்று முடியலாம். முடியட்டும். இருட்டிய பிறகு ஹெட்லைட்டின் விங் நட்டைத் தளர்த்தி விளக்கை அப்படியே பின்னால் மடித்துக் காட்டுங்கள். வெளிச்சம் இன்ஜின் மேல் விழும். இரவில் ரிப்பேர் பார்க்கச் செய்த ஏற்பாடு. ரீல்ஸ் எடுக்கிறவர்கள் அப்போது தானாக போனை எடுப்பார்கள், தடுக்காதீர்கள்.

இதற்குப் பிறகு 1940 வரட்டும். பேன்டம் என்ற சின்னக் கம்பெனி, கார்ல் புரோப்ஸ்ட் என்ற வடிவமைப்பாளரை வைத்து, ராணுவம் கொடுத்த 49 நாள் கெடுவுக்குள் முதல் வண்டியைச் செய்து, கடைசி நாளான செப்டம்பர் 23 அன்று, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது ஓட்டிவந்து நிறுத்தியது. பெரிய ஆர்டரோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் அவை இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்தன. ஸ்டார்ட்அப் கனவோடு இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த அநியாயம் நன்றாகவே உறைக்கும்.

லேண்ட் ரோவர் பற்றிக் கேட்டால் ஒரு டேப்பைக் கொடுத்து ஜீப்பின் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளக்கச் சொல்லுங்கள். 80 அங்குலம். 1948-இல் வந்த முதல் லேண்ட் ரோவரும் 80 அங்குலம்தான், ஏனென்றால் அதன் முதல் மாதிரியே ஜீப் சேசிஸ் மேல் கட்டப்பட்டது. ஜோங்காவும் ஜிப்சியும் தனித்தனிக் கதை. ஜபல்பூரில் நிசான் உரிமத்தில் ராணுவத்துக்காகச் செய்த ஜோங்காவின் 3956 சிசி பெட்ரோல் இன்ஜின் சத்தத்தைக் கேட்க வைத்தாலே போதும். 1985-இல் வந்த மாருதி ஜிப்சியை ‘அது பழசு இல்லை’ என்று ஒதுக்காதீர்கள். இருபது வயதுக்காரனுக்கு அது அப்பாவின் காலத்து வண்டி, பிறப்பதற்கு முந்தைய வண்டி.

ஒரு விஷயத்தில் உங்கள் வயதுக்காரர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. காபி எஸ்டேட்டில் மூட்டை இழுத்துக் காலம் தள்ளிய ஜீப்புக்கு ராணுவப் பச்சை அடித்து, பானெட்டில் அமெரிக்க ராணுவத்தின் வெள்ளை நட்சத்திரம் ஒட்டி, பார்க்காத போரைப் பார்த்ததாகக் காட்டுவது. பெட்ரோல் விலை கட்டுபடியாகாமல் எத்தனையோ ஜீப்புகளில் டீசல் இன்ஜின் ஏற்றினார்கள். ஆள் ஏற்றப் பின்பக்கத்தை நீட்டினார்கள். பாரம் தாங்க ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டார்கள். அதெல்லாம் அந்த வண்டியின் வரலாறு, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் வரலாறும்கூட. வெள்ளை நட்சத்திரக் கதை யூடியூபில் ஆயிரம் கிடைக்கும். இது கிடைக்காது.

ஆகவே பிள்ளைகளை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகும்போது ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்பாதீர்கள். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்த மலை இது. பின்னாளில் அந்த எஸ்டேட் பாதைகளில் ஜீப்புக்குப் பெரிய வேலை இருந்தது. பழைய டிரைவர்கள், எஸ்டேட் கணக்குப்பிள்ளைகள், மெக்கானிக்குகள் நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் இன்னும் இருப்பார்கள். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்து டீக்கடையில் விசாரித்தால் வீட்டுக்கே வழி காட்டுவார்கள். ‘அந்தக் காலம் எப்படி இருந்தது தாத்தா?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சு கண்ணு’ என்பதோடு முடிந்துவிடும். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவில் எந்த வளைவில் ரேடியேட்டர் கொதிக்கும், தண்ணீர் எங்கே பிடிப்பீர்கள்? இறங்கும்போது எந்த கியர்? பிரேக் பிடிக்காமல் போனால் என்ன செய்வீர்கள்? பிரசவத்துக்கு ஆளை இறக்கியிருக்கிறீர்களா? வண்டி முதலில் யாருடையது, எந்த ஏலத்தில் எடுத்தது? போனில் ஒலிப்பதிவு செய்து, வீட்டில் இருக்கும் பழைய போட்டோவை அங்கேயே படம் பிடித்து, யார் எவர் என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பெரியவருக்கு முடிந்தால் அவரை முன் சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று வாருங்கள். உட்கார்ந்த பிறகுதான் பேச்சு வரும்.

ஆர்சி புத்தகத்தையும் பிள்ளைகளிடம் கொடுங்கள். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் பல நேரம் ஏலம் எடுத்த பிறகு பதிவான ஆண்டே பிறந்த ஆண்டுபோல நிற்கும். சேசிஸ் எண்ணோடு ஒப்பிட்டு உண்மையான வயதைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு அவர்கள்தான் சரி. நம்மைவிட இணையத்தில் தேடத் தெரிந்தவர்கள்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், பதிவெண்ணில் ‘விஏ’ என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டுக்கு வரலாம். அன்றாடப் புழக்கத்துக்கு அனுமதி இல்லை. உங்கள் ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தை யோசித்துவிட்டு முடிவெடுங்கள். டீசல் இன்ஜின் ஏற்றிய வண்டிக்கு இந்த வழி அநேகமாகத் திறக்காது. பதினெட்டு வயது நிரம்பாத பையன் ஆசைப்படுகிறானே என்று மலைப்பாதையில் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் பெற்றோருக்கும் வண்டி உரிமையாளருக்கும் மூன்று வருடச் சிறை வரை, 25,000 ரூபாய் அபராதம், ஒரு வருடம் பதிவு ரத்து. அதைவிட, டிரம் பிரேக் வண்டி இறக்கத்தில் சூடேறினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

எங்கே ஆள் பிடிப்பது? கல்லூரி அரங்கத்தை விடுங்கள். ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். கை பழகியவர்கள், பழைய கியர் பாக்ஸைக் கண்டால் கண் விரியும். ஒரே நேரத்தில் ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம், கூட்டம் கூடினால் ஸ்பேனர் யார் கையிலும் நிற்காது. ஆர்வம் தங்கியவர்களை ஒருநாள் கோவை அவிநாசி சாலையில் இருக்கும் ஜிடி கார் மியூசியத்துக்கு அழைத்துப்போகலாம். காலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடலாம்.

கடைசியாக லைட் பார். உங்கள் பையன் ஜீப்பில் மாட்டியே தீருவேன் என்றால் சண்டை போடாதீர்கள். ரோட்டில் எரியவிடக் கூடாது, பாடியில் புதிதாகத் துளை போடக் கூடாது, இருக்கிற போல்ட்டில்தான் பூட்ட வேண்டும் என்று மூன்று நிபந்தனை வையுங்கள். அதற்காகக் கழற்றிய பழைய பாகங்களைச் சாக்கில் போட்டு, எதிலிருந்து எப்போது எடுத்தது என்று அவன் கையாலேயே எழுதிக் கட்டி ஷெட்டில் வைக்கச் சொல்லுங்கள். பழைய இரும்புக்காரர் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து.