காடு, வீடு, ஆடு, மாடு

கேள்வி: வேலையை விட்டுவிட்டு, மின் இணைப்போ குழாய்த் தண்ணீரோ இல்லாத ஒரு துண்டு நிலத்தில் குடும்பத்தோடு குடியேறப் போகிறேன். சூரிய மின்சாரம், மழைநீர், சொந்தக் காய்கறி, ஒரு பசு. யாரையும் சாராமல் வாழ்ந்துவிடலாம் அல்லவா?

பதில்: ‘சாராமல்’ என்பதைப் படித்ததும் உங்கள் நிலம் மறந்துபோய், எனக்குப் பள்ளிக்கூடத் தமிழ் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயிர் 12, மெய் 18, ஆக முதலெழுத்து 30. மற்றதெல்லாம் சார்பெழுத்து, இன்னொன்றை ஒட்டிக்கொண்டு பிழைப்பது. தொல்காப்பியர் மூன்றோடு நிறுத்திக்கொண்டார். நன்னூலார் அதைப் பத்தாக்கி, விரித்தால் 369 என்று கணக்கும் கொடுத்தார். சொந்தக் காலில் நிற்பவர் முப்பது பேர், ஒட்டிக்கொண்டவர் 369 பேர். அந்த முப்பதிலும் மெய் பதினெட்டுக்கும் உயிரின் துணை இல்லாமல் வாய் திறக்க வராது. ‘க்’ என்று தனியாகச் சொல்லிப் பாருங்கள், விக்கல் எடுத்ததாக நினைத்து யாராவது தண்ணீர் கொண்டுவருவார்கள்.

இப்போது உங்கள் கனவுக்கு வருவோம். காடு, வீடு, ஆடு, மாடு, விறகு, அடுப்பு, கிணறு. ஒன்று விடாமல் குற்றியலுகரத்தில் முடிகின்றன. குற்றியலுகரம், அதாவது சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம், ஒரு சார்பெழுத்து. நீங்கள் தேடிப் போகிற சாமான் அத்தனையும் சார்ந்து நிற்கிறவை! பசு மட்டும் தனிக்குறிலை அடுத்து வரும் முற்றியலுகரம், குறுகாமல் முழுதாக ஒலிப்பது. இலக்கணப்படி அதற்கு யார் தயவும் வேண்டாம். ஆனால் காலையும் மாலையும் மடி கனத்ததும் அது உங்களைத்தான் கூப்பிடும். காய்ச்சல், கல்யாணம் எதையும் காரணமாக ஏற்காது.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கையும் தீர்த்துவிடுகிறேன். முன்பொரு முறை இதே பக்கத்தில் ‘சுயசார்பு’ என்று எழுதினேன். நடுவே ‘ச்’ எங்கே என்று ஒரு வாசகர் மூன்று அஞ்சலட்டை போட்டார். வடசொல்லோடு சேரும்போது கட்டாயமில்லை என்றேன். அப்படியானால் ‘தற்சார்பு’ என்று எழுதித் தொலைக்கலாமே என்றார். நியாயம்தான், அதை அன்றைக்கு ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. கோபத்தில் சந்தாவை நிறுத்திவிட்டார். இப்போது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் படிக்கிறார் என்று கேள்வி. தற்சார்பு!

சரி, விஷயம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, 20 மில்லிமீட்டர் மழை என்றால் 2,000 லிட்டர். கூரையைக் கழுவிய முதல் தண்ணீரைத் தள்ளிவிட்டால் இன்னும் குறையும். நான்கு பேர் ஆளுக்கு 50 லிட்டர் என்று சிக்கனமாகப் புழங்கினாலும் பத்து நாள் தாங்காது. அப்புறம் மேகத்தைச் சார்ந்திருப்பீர்கள். அதே மேகம் நாலு நாள் நகராமல் நின்றால் பேட்டரி படுத்துவிடும். காரீய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுளும் போகும். சூரியத் தகட்டில் இருக்கும் சிலிக்கான் 1,414 டிகிரி செல்சியஸில் உருகுவது. உங்கள் விறகடுப்பில் அதைச் செய்ய முடியாது. ஏதோ ஒரு தொழிற்சாலையும் உங்களோடு காட்டுக்கு வருகிறது, முகம் காட்டாமல்.

யாரையும் சாராமல் வாழ்வதை 1991-இல் நிஜமாகவே செய்து பார்த்தார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் ‘பயோஸ்பியர் 2’ என்ற கண்ணாடி மாளிகை, மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகம். உள்ளேயே வயல், ஆடு, கோழி, குட்டிக் கடல். எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டார்கள். இரண்டு வருடம் தாக்குப்பிடித்தார்கள், சாப்பாட்டின் பெரும்பகுதியை விளைவித்தும் கொண்டார்கள். ஆனால் வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டே ஆக்சிஜனைத் தீர்த்தன. 21 சதவீதத்தை ஒட்டி இருந்தது 14 வரை இறங்க, கடைசியில் வெளியிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. எனக்கு அதைவிடப் பிடித்த பகுதி, அந்த எட்டுப் பேரும் நாலு நாலாகப் பிரிந்து, ஒரு கோஷ்டி மற்றதோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது. உலகத்தைக் கதவுக்கு வெளியே விட்டுப் போனவர்களுக்குக் கோஷ்டியை விட மனமில்லை.

நானும் ஒரு முறை இப்படிப்பட்ட இடத்தில் பதினோரு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் கைப்பம்பின் வாஷர் தேய்ந்து தண்ணீர் நின்றது. அரை மணி நேரம் நடந்து போய்ப் பக்கத்து நிலத்துக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் பழைய சைக்கிள் டியூபில் வட்டமாக ஒரு துண்டு வெட்டிப் போட்டார், தண்ணீர் வந்தது. மிச்ச எட்டு நாளும் நான் சாய்ந்துகொண்டிருந்தது அந்த டியூபில்தான்.

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த மண்ணை ஒரு கோடையிலும் ஒரு அடைமழையிலும் போய்ப் பாருங்கள். பத்திரத்தில் பாதை உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து நிலத்தில் யார், எவ்வளவு தூரத்தில், பேசுகிற சுபாவமா என்று விசாரியுங்கள். பசுவை அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பக்கத்துக்காரர் நம் இதழுக்குச் சந்தா கட்டியவராக இருந்தால் இரவல் வாங்கிப் படியுங்கள். ஏற்கெனவே ஒருவர் அப்படித்தான் படிக்கிறார்.